பதினேழு வளைவு இறங்கி, நெஞ்சுக்கு ஒரு வால்வு வாங்கப் போனேன்

இந்தப் பக்கத்தில் இதுவரை மலைப்பாதைகளைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். குரங்கணியிலிருந்து மேலே ஏறும் வழி, போடிமெட்டில் எந்த மாதம் மூடுபனி குறைவு, தேவாரம் பக்கம் யானை இறங்கியிருந்தால் எந்தத் தடத்தை விட்டுவிட வேண்டும், இப்படி. போன வாரம் கம்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு இதயத்தின் பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டதாம். வால்வை மாற்றியாக வேண்டும் என்கிறார் மருத்துவர். "இந்த வயசுல எதுக்கு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். "உங்களுக்கும் அந்த ஆபரேஷன் ஆனதாக ஒரு பதிவில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எப்படிப் போனீர்கள்? வீட்டில் யார் சம்மதித்தார்கள்?" என்று கேட்டிருந்தார்.

யாரும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வருடம் 1984. எனக்கு இருபத்தாறு வயது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள் இருந்த ஓர் ஏலத்தோட்டத்தில், தமிழ்ப் பிள்ளைகளுக்காக எஸ்டேட் நடத்திய ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஒரே அறை, ஒரே டீச்சர். சொந்த ஊர் மலையடிவாரத்துத் தேவாரம். அப்பா அங்கே வெங்காய வெள்ளாமை.

மூச்சு வாங்குவது அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட்டது. மலை என்றால் வாங்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஏற்றத்தில் நடுவழியில் நின்று இயற்கைக் காட்சியை ரசிப்பதுபோல நடிப்பேன். அந்த வருடம் பள்ளத்தாக்கை என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்! பிறகு நெஞ்சில் கயிறு போட்டு இறுக்குவதுபோல ஒரு வலி வரத் தொடங்கியது. நின்றால் போய்விடும், நடந்தால் திரும்ப வரும்.

ஆகஸ்டில், காய் எடுப்பு ஆரம்பித்த சமயம், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிச் சரிவில் ஏறிப் போனேன். ஏலச்செடிகளுக்கு நடுவே கூடையோடு குனிந்திருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து, "வாங்க டீச்சர்" என்று சொன்னது காதில் விழுந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, அவள் முதுகில் நான் மூட்டைபோலத் தொங்கிக்கொண்டு கீழே போவதுதான். தோட்டத்துக் கம்பவுண்டர் ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார். பாட்டில் தீர்வதற்குள் இன்னொரு முறை விழுந்தேன். இந்த முறை பள்ளியின் படியில்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆட்களை இறக்கிவிட்டுப் போடிக்குத் திரும்பும் ஜீப்பில் ஏறினேன். டிரைவர் குருசாமி முன் சீட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

"டீச்சர், மெதுவாப் போனா எனக்கு அடுத்த லோடு போயிரும். வெரசாப் போனா ஒங்களுக்கு ஆகாது. என்ன செய்யட்டும்?"

"வெரசாவே போங்கண்ணே. எனக்கும் சோலி இருக்கு."

போடிமெட்டிலிருந்து போடிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைத்தான் நினைத்தேன்: எனக்கு என்ன என்று தெரியாமல் இந்த மலையில் திரும்ப ஏறுவதில்லை.

போடியில் நான் பார்த்த மருத்துவர் வயதானவர், அதிகம் பேசாதவர். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதைக் கழுத்துக்கு நகர்த்தினார். கழுத்து நரம்பில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மயக்கம் வந்தது நின்னுக்கிட்டு இருக்கும்போதா, ஏறும்போதா?"

"ஏறும்போதுதான் சார். ரெண்டு தடவையும்."

"இதயத்துலருந்து ரத்தம் வெளிய போற எடத்துல ஒரு கதவு உண்டும்மா. ஒன்னோடது சரியாத் தெறக்கல. ரத்தம் இடுக்கு வழியாப் பீச்சியடிக்குது. அந்தச் சத்தம் கழுத்து வரைக்கும் கேக்குது."

"மாத்திரை இருக்கா சார்?"

"கதவுக்கு மாத்திரை கெடையாது. கதவைத்தான் மாத்தணும்." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "கல்யாணம் ஆயிருச்சா?"

"தை மாசம் வச்சிருக்காங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஆபரேஷனுக்கு முன்னால பிள்ளை உண்டானா உசுருக்கே ஆபத்து. மயக்கம் வர ஆரம்பிச்ச பெறகு சும்மா விட்டாலும் ரெண்டு மூணு வருசந்தான். மொதல்ல மதுரை போ. அவங்க மெட்ராஸுக்கு அனுப்புவாங்க. போகணும். ஒத்திப் போடாத."

அன்று மாலையே தேவாரத்தில் அப்பாவிடம் சொன்னேன். விலை ஏறும்வரை வெங்காயத்தைக் குவித்து வைக்கும் பட்டறைக்கு ஓலை மூடிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வீட்டு வாசலத் தாண்டக் கூடாது."

"கல்யாணம் முடிஞ்சா நானும் முடிஞ்சிருவேன்ப்பா."

"நெஞ்சப் பொளந்து பொழைச்சவ இந்தச் சுத்துப்பட்டுல எவ இருக்கா? சொல்லு."

"இல்லைல்ல? அப்ப நாந்தான் மொத ஆளு."

அப்பா கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். ஆனால் அவருடைய பயத்துக்காக நான் சாக முடியாது. இரண்டு நாள் கழித்து அப்பா தேனிக்கு வெங்காயம் ஏற்றிப் போயிருந்தபோது, அம்மா தன் கறவை மாடுகள் இரண்டையும் விற்றுவிட்டு, என் முன்னால் வந்து நின்றாள். "கெளம்பு மதி. எனக்கு மெட்ராசுக்கு வழி தெரியாது. ஒனக்குத் தெரியும்ல?"

எனக்கும் தெரியாது. தெரியும் என்றேன்.

போடி ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு வேலை பாக்கி இருந்தது. எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை கடைவீதியில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருந்தார். அம்மாவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட நாங்கள் இரண்டு பேரும் பேசியது கிடையாது.

"எனக்கு இதயத்துல வால்வு சுருங்கியிருக்கு. ஆபரேஷனுக்குப் போறேன். பிள்ளை பெத்துக்க முடியுமா தெரியல. திரும்பி வருவேனான்னும் தெரியல. ஒங்க வீட்டுல சொல்லிருங்க."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்றார், தரையைப் பார்த்தபடி.

"ஒத்துக்கச் சொல்ல வரலைங்க. மறைச்சுக் கட்டி வச்சாங்கன்னு நாளைக்கு ஒங்க வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

அவர் கடைப் பையனிடம் சொல்லாமல் தானே என் பெட்டியை ரயில் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். "நல்லபடியா வாங்க" என்றார். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேறு சிலர்மேல் இருந்தது. அந்தக் கோபம் மதுரை வரை எனக்கு நல்ல துணை.

அப்போது போடியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் ரயில். தொண்ணூறு கிலோமீட்டர். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று எல்லா ஊரையும் நலம் விசாரித்துக்கொண்டு போகும். அம்மாவுக்கு அதுதான் முதல் ரயில். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எறங்கி நடந்தா முந்திருவோம் போலருக்கே" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். சிரித்ததற்கும் மூச்சு வாங்கியது. (இன்றைக்கு அகல ரயில் பாதை வந்துவிட்டது, பாதி நேரத்தில் போய்விடலாம். அன்றைய டிக்கெட் விலை யாருக்கும் பயன்படாது, விட்டுவிடுகிறேன்.)

மதுரை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுக்கு வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்துவிட்டது என்றார்கள். அப்புறம் மருத்துவ மாணவர்கள் வரிசையாக வந்து என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்கள். என்னுடையது பாடப் புத்தகத்தில் இருப்பதுபோன்ற சத்தமாம். ஏழெட்டுப் பேர் கேட்டு முடித்ததும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாரும் கேட்டாச்சுல்ல? இப்ப நான் கேக்குறேன். இது எதனால வந்தது? மெட்ராஸ்ல என்ன செய்வாங்க? அதுக்குப் பதில் சொல்றவங்க மட்டும் இனிமே கேக்கலாம்."

பின்னால் நின்ற ஒரு பெண், மாணவிதான், முன்னால் வந்து கட்டிலில் உட்கார்ந்து என் கையில் படம் வரைந்து காட்டினாள். இந்த வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டுதான் இருக்கும். வருடக்கணக்கில் அடிபட்டு அடிபட்டு அந்த இதழ்கள் சுண்ணாம்புபோல இறுகிவிடும். என்னுடையதும் அப்படி இருக்கலாம். "நீங்க எந்தத் தப்பும் செய்யலக்கா" என்றாள். நான் ஏதாவது தப்புச் செய்தேனா என்று அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவளாகச் சொன்னாள்.

மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் பகல் ரயிலில் மெட்ராஸ். அங்கே ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு. எக்கோ என்ற இயந்திரம் அப்போது புதிது. திரையில் புள்ளியும் கோடுமாகத் தெரிந்ததை, "இதாம்மா ஒன் வால்வு" என்று காட்டினார்கள். மழைபெய்யும் சினிமாப் படம்போல இருந்தது. ஆனால் முடிவு சொன்னது இன்னொரு பரிசோதனை. தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் ஏற்றினார்கள். முழு விழிப்பில்தான் இருந்தேன். மருந்தைச் செலுத்தியபோது தலை முதல் கால்வரை வெந்நீர் ஊற்றியதுபோல ஒரு சூடு பரவி மறைந்தது. வலி இல்லை. பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வால்வுக்கு உள்பக்க அழுத்தம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று அளப்பதுதான் நோக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமாம். எனக்கு உள்ளே இருந்ததில் பாதிதான் வெளியே வந்தது. அறுவை மருத்துவர் என் படுக்கைக்கு வந்து மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துக் காட்டினார். "இது நுழையிற அளவுதான் வழி இருக்கு. இவ்வளவு நாள் நீ மலை ஏறினதே பெரிசு."

உலோக வால்வு வைப்பதாகச் சொன்னார். திசு வால்வும் உண்டு, ஆனால் சின்ன வயதுக்காரர்களுக்கு அது சீக்கிரம் தேய்ந்துவிடும். உலோகம் உழைக்கும். அதற்கு விலையாக, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையோடு பிள்ளை பெறுவது ஆபத்து. இதயத்தை நிறுத்திவிட்டு இயந்திரத்தில் ரத்தத்தை ஓடவிடுவார்கள். எல்லோரும் கண் விழித்து வருவதில்லை. எதையும் மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அவரை நம்பினேன்.

பிறகு கையெழுத்துப் பிரச்சினை. "அப்பாவோ வீட்டுக்காரரோ போடணும்" என்றார் வார்டு அதிகாரி.

"வீட்டுக்காரர் இல்ல. அப்பா வர மாட்டாரு. நான் போடுறேன்."

"பேஷண்ட் மட்டும் போட்டாப் பத்தாதும்மா."

"சார், எனக்கு ஓட்டு இருக்கு. சம்பளம் வாங்குறேன். மத்தவங்க பிள்ளைகளுக்கு நாந்தான் கையெழுத்துப் போட்டுச் சர்ட்டிபிகேட் குடுக்குறேன். என் நெஞ்சத் தெறக்க என் கையெழுத்து பத்தாதா?"

அவர் அறுவை மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் தன் பேனாவையே என்னிடம் நீட்டினார். என் கையெழுத்துக்குக் கீழே அம்மா கைநாட்டு வைத்தாள், மையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். மாடு விற்ற பணமும் என் சேமிப்பும் போக மிச்சத்தை ஒரு தரும நிதி ஏற்றுக்கொண்டது. பணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது ரத்தம். நிறைய வேண்டும், ஆள் கொண்டு வாருங்கள் என்றார்கள். மெட்ராஸில் எங்களுக்கு யாரைத் தெரியும்? தோட்டத்துக்குத் தந்தி கொடுத்தேன். நம்பிக்கை இல்லாமல்தான் கொடுத்தேன். அந்தக் காலத்தில் ரத்தம் கொடுத்தால் உடம்பு திரும்பத் தேறாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்பினார்கள்.

நான்காம் நாள் காலை வார்டு வாசலில் ஒரே சத்தம். குருசாமி அண்ணன், பேச்சியம்மாள், கூடவே தோட்டத்து ஆட்கள் ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால், தோளில் துண்டோடு, அப்பா. வரும் வழியில் குருசாமி ஜீப்பைத் தேவாரத்துக்குத் திருப்பியிருக்கிறார். "அண்ணே, ஒறவுமொற இல்லாத நாங்க போறோம். நீங்க வர்றீகளா இல்லையா?" என்று மட்டும் கேட்டாராம்.

அப்பா வந்தது என்னைத் திரும்பக் கூட்டிப் போகத்தான். கட்டில் பக்கத்தில் நின்று அதையே சொன்னார். "எந்திரி. ஊருக்குப் போவோம்." நான் எழவில்லை. அவரும் நகரவில்லை. அதற்குள் வார்டை ஒட்டியிருந்த ரத்த வங்கியிலிருந்து பேச்சியம்மாளின் குரல் கேட்டது. எடை பத்தவில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "இந்தப் பிள்ளையவே முதுகுல செமந்து எறக்குனவ நானு! எடையப் பாக்காத, பெலத்தப் பாத்துச் சொல்லு!" என்று நர்சிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதைக் கேட்ட அப்பா துண்டை என் கட்டிலில் வைத்துவிட்டு நேராக அங்கே போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டார். "நான் இந்த ஆபரேசனுக்குச் சம்மதிக்கல. இதை எழுதிக்கங்க. ரத்தம் மட்டும் எடுத்துக்கங்க."

கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. நெஞ்சில் யாரோ பாறையை வைத்ததுபோல வலி. அதற்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். சுவரில் கடிகாரம் இருக்கிறதா என்று கண்ணால் தேடினேன். இல்லை. அது நான்தான். பிறகு என்னைப் பார்க்க விட்டபோது அம்மா குனிந்து கேட்டுவிட்டு, "கடியாரத்த உள்ள வச்சுத் தச்சுட்டாகளா?" என்றாள். சிரித்தால் தையல் இழுத்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை. அந்த வித்தியாசத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது மலைக்குப் போனேன். தோட்டத்து மேனேஜர் மலையாளி, நல்ல மனிதர்தான், ஆனால் தலையை ஆட்டினார். "டீச்சரே, இனி மலை வேண்டா. தாழே எவிடயாவது பாருங்க. ஏதாவது சம்பவிச்சா ஆரு உத்தரவாதம்?"

"நான்தான் உத்தரவாதம் சார். என் டாக்டர் ஏறலாம்னு சொல்லிட்டாரு."

"ஞான் மேலே எழுதிக் கேட்கணும்."

"கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பாடம் நடத்துறேன்."

பள்ளிக்கூடச் சாவி என்னிடம்தான் இருந்தது. போய்த் திறந்தேன். அவருக்குப் பதில் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. என் சம்பளம் மூன்று மாதம் தாமதமாக வந்தது. ஓய்வு பெறும்வரை அதே அறையில்தான் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இரண்டொருவர் உண்டு, "சீக்கு இருந்தாலும் பரவாயில்லை" என்று பெரிய மனது பண்ணினார்கள். அந்தப் பெரிய மனது எனக்கு வேண்டியிருக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு மாதம் ஒரு முறை மதுரை போக வேண்டும். அப்பா கூடவே வருவார். ஆபரேஷன் சரி என்று கடைசிவரை அவர் வாயால் சொன்னதில்லை. ஒரு மாதம்கூட வராமல் இருந்ததுமில்லை. விடுமுறைகளில் நான் மலைப்பாதைகளை நடக்க ஆரம்பித்தேன். இந்த வலைப்பதிவு அப்படி வந்ததுதான்.

இனி, கேட்ட வாசகிக்கும் மற்றவர்களுக்கும்.

ஏறும்போது மயக்கம், நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல், இதில் எது வந்தாலும் மலையையும் வயதையும் காரணம் சொல்லாதீர்கள். எக்கோ இப்போது தேனியிலேயே எடுக்கலாம், மெட்ராஸ் போக வேண்டியதில்லை. வயதானவர்கள் பலருக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகவே புது வால்வை ஏற்றி வைக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எது சரி என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். சொந்தக்காரர்கள் சொல்ல வேண்டாம். கடுமையான சுருக்கம் என்று சொல்லிவிட்டார்கள் என்றால், வால்வு மாற்றும்வரை மலையேற்றம் கிடையாது. அதில் வீரம் காட்டாதீர்கள், நான் காட்டி விழுந்திருக்கிறேன்.

உலோக வால்வோடு மலைக்கு வருகிறவர்கள் மாத்திரையை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். ஒரு பை ஆற்றோடு போனாலும் இன்னொன்று இருக்கும். பல் பிடுங்கப் போனால் முதலில் வால்வு விஷயத்தைச் சொல்லுங்கள். ஏலக்காட்டில் மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். மற்றவர்களுக்குச் சீக்கிரம் நிற்கும் ரத்தம் நமக்கு நிற்காது. நீளமான காலுறை, கையில் உப்பு, சுத்தமான துணிக்கட்டு. கூட வருகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கூடாரத்தில் உங்கள் டிக் டிக் சத்தத்தைக் கேட்டு யாராவது பயந்தால், பழகிவிடும் என்று சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாராவது கேட்டார்களா? போகலாம் என்று அவர் சொன்னால், வண்டியின் முன் சீட்டில் அவரை உட்கார வையுங்கள். "இந்த வயசுல எதுக்கு" என்கிறவர்களையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பின் சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும்.